மோட்டார் நியூரான் நோய்: வீட்டில் எதை, எப்போது தயார் செய்வது

மூளையிலிருந்து தண்டுவடத்துக்கும், அங்கிருந்து தசைகளுக்கும் கட்டளை கொண்டுபோகும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வருவதுதான் மோட்டார் நியூரான் நோய். பெரும்பாலானோருக்கு வருவது இதில் ஏ.எல்.எஸ். என்ற வகை. கட்டளை வராத தசை துடிக்கும், சூம்பும், பிறகு அசையாமல் போகும். ஒருவருக்குச் சட்டைப் பொத்தான் போட முடியாமல் தொடங்கும். இன்னொருவருக்குச் செருப்பு காலிலிருந்து நழுவும். ஏறக்குறைய நாலில் ஒருவருக்குப் பேச்சு குழறும், தண்ணீர் குடித்தால் புரையேறும்.

எது கெடாது என்பதையும் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தொடு உணர்வு, பார்வை, கண் அசைவு, பெரும்பாலும் சிறுநீர், மலக் கட்டுப்பாடு இவையெல்லாம் நெடுங்காலம் இருக்கும். கை அசையாதவருக்குக் கொசு கடிப்பது நன்றாகவே தெரியும், அடிக்கத்தான் முடியாது. படுக்கை விரிப்பின் ஒரு மடிப்பு விடிய விடிய உறுத்தும்.

இந்த நோயில் வரும் ஒவ்வொரு உதவிக்கும் ஒரு காலக்கெடு உண்டு. உணவு கொடுக்க வயிற்றுக் குழாய் பொருத்துவது மூச்சு நன்றாக இருக்கும்போது எளிது, மூச்சு குறைந்தபின் ஆபத்து. குரலைப் பதிவு செய்வது குரல் தெளிவாக இருக்கும்போதுதான் முடியும். முகமூடி வழியே மூச்சுக்கு உதவும் பைபாப் கருவிக்குப் பழக, திணறல் இல்லாத நாட்கள் வேண்டும். "தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் குடும்பங்கள்தான் நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் போய் நிற்கின்றன.

முதலில், இது அதுதானா?

இந்த நோயை உறுதிசெய்ய ஒற்றைப் பரிசோதனை கிடையாது. நரம்பியல் மருத்துவர் உடலைச் சோதித்து, தசையின் மின் இயக்கத்தைப் பார்க்கும் இ.எம்.ஜி., நரம்புக் கடத்தல் பரிசோதனை, கழுத்து மற்றும் மூளை எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் பார்த்து, மற்றவற்றை ஒதுக்கிய பிறகே சொல்வார். ஒதுக்க வேண்டியவற்றுள் சில குணமாக்கக்கூடியவை என்பதால் இதில் அவசரம் கூடாது. கழுத்தெலும்பு தேய்ந்து தண்டுவடத்தை அழுத்துவது, தைராய்டு கோளாறு, பி12 குறைபாடு, தசை சீக்கிரம் களைத்துப்போகும் மயஸ்தீனியா, இம்யூனோகுளோபுலின் ஊசிக்குக் கட்டுப்படும் பன்முக இயக்க நரம்பு நோய் ஆகியவை அப்படிப்பட்டவை.

இளைஞர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் ஓர் ஆணுக்கு ஒரு கை மட்டும், அதுவும் முழங்கைக்குக் கீழே சூம்பினால், அது ஹிராயாமா நோயாக இருக்கலாம். சில ஆண்டுகள் கூடிக்கொண்டே போய்த் தானாக நின்றுவிடும் நோய் அது. சாதாரண நிலையில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் தப்பிவிடும், கழுத்தைக் குனிந்த நிலையில் எடுத்தால்தான் தெரியும். கழுத்துப் பட்டை போட்டுக் குனிவதைத் தவிர்த்தால் மேலும் கெடாமல் தடுக்க வாய்ப்புண்டு.

இன்னொன்று நம் ஊரின் பெயரையே தாங்கியது. 1970-இல் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள் சென்னையில் கண்டு விவரித்த 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்'. முப்பது வயதுக்குள் தொடங்கும். கை கால் மெலிவோடு காது கேளாமையும், முகத் தசைத் தளர்ச்சியும் சேர்ந்து வரும். ஆனால் மிக மெதுவாக நகரும். பல பத்தாண்டுகள் வாழ்பவர்கள் உண்டு. இளவயது, காது மந்தம் இரண்டும் இருந்தால் இந்தப் பெயரை மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

இந்த நோயாளிகளை அடிக்கடி பார்க்கும் பெரிய மருத்துவமனையில் இரண்டாம் கருத்து வாங்குவது நல்லது. பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா போன்றவை தமிழ்நாட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் உள்ளன. இரண்டு இடத்திலும் ஒரே பதில் வந்தால் மூன்றாவது, நான்காவது என்று அலைய வேண்டாம். அந்த மாதங்கள் வேறு வேலைகளுக்கு வேண்டும்.

ஏ.எல்.எஸ். வந்தவர்களில் பெரும்பாலோர் அறிகுறி தொடங்கி இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வாழ்கிறார்கள். பத்தில் ஒருவர் பத்தாண்டு தாண்டுகிறார். 1963-இல் 21 வயதில் நோய் கண்டறியப்பட்டு 2018 வரை வாழ்ந்த ஸ்டீபன் ஹாக்கிங்கை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அவர் விதிவிலக்கு, அவரை வைத்துத் திட்டம் போட முடியாது.

மருந்து

ரைலுசோல் 50 மில்லிகிராம் மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு அல்லது இரண்டு மணி நேரம் பின்பு. கொழுப்பான உணவோடு எடுத்தால் உடலில் சேரும் அளவு குறையும். முதல் மூன்று மாதம் மாதம் ஒருமுறையும், பிறகு முதல் ஆண்டு முடியும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ஈரல் பரிசோதனை செய்ய வேண்டும். ஆய்வுகளில் அது கூட்டிய ஆயுள் சில மாதங்கள். போன பலத்தைத் திரும்பத் தராது. "சாப்பிட்டும் ஒன்றும் தெரியவில்லையே" என்று நிறுத்துபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

எடரவோன் ரத்தக்குழாய் வழியே ஏற்றும் மருந்து. நோய் தொடங்கிய புதிதில் உள்ள சிலருக்குத்தான் ஆய்வில் பலன் தெரிந்தது; செலவும் மருத்துவமனை அலைச்சலும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். டோபர்சன் என்ற மருந்து எஸ்.ஓ.டி.1 மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டுமே. குடும்பத்தில் முன்பு யாருக்காவது இந்நோய் இருந்திருந்தால் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பத்தில் ஒருவருக்குத்தான் இது பரம்பரையாக வருகிறது.

ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் போகாதீர்கள். இந்த நோய்க்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அல்ல; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வழிகாட்டுதல்படி, முறையான ஆய்வுக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு செய்யக் கூடாதது. அந்தப் பணத்தில் ஒரு பைபாப், ஒரு காற்றுப் படுக்கை, இரவில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் எல்லாம் கிடைக்கும்.

மூச்சு

இந்த நோயில் உயிரைத் தீர்மானிப்பது மூச்சுத் தசைகள்தான். நுரையீரலில் கோளாறு இல்லை. அதை விரித்துச் சுருக்கும் தசை தளர்கிறது. அதனால் தொல்லை முதலில் இரவில், மல்லாந்து படுக்கும்போது வரும். கவனிக்க வேண்டியவை: காலையில் எழுந்ததும் தலைவலி, தலையணை ஒன்று இரண்டாகி மூன்றாவது, கெட்ட கனவுகள், அடிக்கடி விழிப்பு, பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுவது, வாக்கியம் பாதியில் மூச்சு வாங்குவது. நோயாளி "மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றே சொல்வார். பகலில் அவருக்கு நன்றாகத்தான் இருக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் நுரையீரல் கொள்ளளவுப் பரிசோதனை செய்யுங்கள். உட்கார்ந்தும் படுத்தும் இரண்டு முறையும் எடுக்கச் சொல்லுங்கள். படுத்தால் அளவு நன்றாக இறங்கினால் உதரவிதானம் தளர்கிறது என்று பொருள். கொள்ளளவு இருக்க வேண்டியதில் 50 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, அதற்கு முன்பே மேலே சொன்ன அறிகுறிகள் வந்தாலோ பைபாப் தொடங்க வேண்டும். வீட்டில் மாதம் ஒருமுறை ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்: மூச்சை முழுக்க இழுத்து, நொடிக்கு இரண்டு எண் வீதம், ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று காலண்டரில் குறியுங்கள். ஒரு தடவை வந்த எண்ணை வைத்து முடிவுகட்ட வேண்டாம். அது மாதாமாதம் இறங்குகிறதா என்று பாருங்கள்.

கருவி வாங்கும்போது கேட்க வேண்டியது பைபாப், சி-பாப் அல்ல. சி-பாப் ஒரே அழுத்தத்தில் காற்றைத் தள்ளும். அதை எதிர்த்து மூச்சுவிடவே தளர்ந்த தசைக்குச் சிரமம். பைபாப்பில் உள்மூச்சுக்கு ஓர் அழுத்தம், வெளிமூச்சுக்குக் குறைந்த அழுத்தம். அதிலும் நோயாளி மூச்சிழுக்க மறந்தால் தானே மூச்சுக் கொடுக்கும் எஸ்.டி. முறை இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் சில கருவிகளில் அது இருக்காது. அழுத்தம் பொதுவாக உள்மூச்சு 8-10, வெளிமூச்சு 4 என்ற குறைந்த அளவில் தொடங்கி, நாட்கள் செல்லச் செல்லக் கூட்டப்படும். கூட்டுவது மருத்துவரின் வேலை; விற்பனையாளர் வைத்துவிட்டுப் போன அளவிலேயே மாதக்கணக்கில் ஓட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

முதல் இரவே முகமூடியை மாட்டித் தூங்கவைக்கப் பார்த்தால் அடுத்த நாள் அது அலமாரிக்குப் போய்விடும். முதல் சில நாட்கள் பகலில், உட்கார்ந்து டிவி பார்க்கும்போது அரை மணி நேரம். பிறகு மதியத் தூக்கத்தில். அதன் பிறகு இரவில் ஒரு மணி, இரண்டு மணி என்று நாலு மணி நேரத்துக்கு மேல் கொண்டுபோங்கள். பட்டையை இறுக்கினால் கசிவு நிற்கும் என்று நினைப்பது தவறு. இறுக்கினால் முகமூடி கோணி இன்னும் கசியும், மூக்குத்தண்டில் புண் வரும். பட்டைக்கும் கன்னத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். அடர்ந்த மீசை, தாடி கசிவைக் கூட்டும். மூக்குத்தண்டு சிவக்கத் தொடங்கும்போதே, மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரோகொலாய்டு ஒட்டுத்துண்டைப் போடுங்கள். இரண்டு வகை முகமூடி வைத்து மாற்றி மாற்றிப் போடுவது அதைவிட மேல். கருவியோடு வரும் ஈரப்பதப் பெட்டியில் கொதித்து ஆறிய நீரோ காய்ச்சி வடித்த நீரோ ஊற்றித் தினமும் மாற்றுங்கள்.

மின்வெட்டுக்கு சைன் வேவ் இன்வெர்ட்டர் கட்டாயம். ஈரப்பதப் பெட்டியின் சூடேற்றியை அணைத்துவிட்டால் பெரும்பாலான கருவிகள் 60 வாட்டுக்குள் ஓடும். 150 ஏ.எச். பேட்டரி ஒன்று நல்ல நிலையில் இருந்தால் அந்தச் சுமையை ஓர் இரவு முழுக்கத் தாங்கும். அதே இன்வெர்ட்டரில் இரண்டு மின்விசிறியும் டிவியும் ஓடினால் தாங்காது. பைபாப்புக்கு மட்டும் தனி இணைப்பு இழுத்துவிடுங்கள். கையால் அமுக்கும் ஆம்பு பை ஒன்று கட்டில் பக்கத்தில் தொங்கட்டும்.

ஆக்சிஜன் பற்றி ஓர் எச்சரிக்கை. மூச்சு வாங்குகிறது என்றதும் சிலிண்டர் கொண்டுவந்து மூக்கில் குழாயை வைப்பது இந்த நோயில் ஆபத்தாக முடியலாம். இங்கே பிரச்சினை கரியமில வாயு வெளியே போகாதது. வெறும் ஆக்சிஜன் கொடுத்தால், ரத்த ஆக்சிஜனை அளக்கும் விரல் கருவியில் எண் 99 காட்டும். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போய் நோயாளி மயங்குவார். எண் 95-க்குக் கீழே இறங்கினால் முதலில் சளியை வெளியேற்றுங்கள், பைபாப் போடுங்கள், பிறகு மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆக்சிஜன் தேவைப்பட்டாலும் அது பைபாப்போடு சேர்த்துத்தான். தூக்க மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை: மூச்சு நிலை தெரிந்த மருத்துவர் எழுதாமல் வேண்டாம்.

சளி

இருமலுக்கு முதலில் நிறைய மூச்சு உள்ளே போக வேண்டும். அது போகாததால் இருமல் வலுவிழக்கிறது, சளி தேங்குகிறது, நிமோனியா வருகிறது. இருமும் வேகத்தை ஒரு சின்னக் குழாய்க் கருவியால் அளக்கலாம். நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே போனால் உதவி வேண்டும். 160-க்குக் கீழே போனால் சொந்த இருமலால் சளி வராது.

ஆம்பு பையில் ஒருவழி வால்வு பொருத்தி மூச்சை அடுக்கும் முறையைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொண்டு செய்யுங்கள்:

1. நிமிர்ந்து உட்காரவைத்து மூக்கைக் கிளிப்பால் மூடுங்கள். வாய்க்குழாயை உதடு இறுக்கிப் பிடிக்கட்டும். உதடு தளர்ந்திருந்தால் முகமூடி வையுங்கள்.
2. அவர் மூச்சிழுக்கும்போதே பையை மெல்ல அமுக்குங்கள். வெளியே விடாமல் அடுத்த மூச்சு, அதன் மேல் இன்னொன்று என்று மூன்று, நான்கு.
3. நெஞ்சு நிறைந்து இழுபடும்போது அவர் கண்ணால் சைகை காட்டட்டும். மூன்று முதல் ஐந்து நொடி நிறுத்துங்கள்.
4. வாய்க்குழாயை எடுத்ததும் அவர் இருமும் அதே கணத்தில் உங்கள் உள்ளங்கையால் மேல்வயிற்றை உள்ளேயும் மேலேயும் தள்ளுங்கள்.

ஒரு வேளைக்கு மூன்று முதல் ஐந்து முறை, தினம் இருவேளை. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முன்பு நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று கசிந்தவர்களுக்கு இது கூடாது. இந்தப் பையின் மேல் "சளி எடுக்க மட்டும்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஒருவழி வால்வு உள்ள பையை அவசரத்தில் மூச்சுக் கொடுக்கப் பயன்படுத்தினால் காற்று வெளியேற வழியிருக்காது. அவசரத்துக்கான பை வேறு.

இதுவும் போதாதபோது இருமல் உதவிக் கருவி உண்டு. விலை அதிகம், வாடகைக்குக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். வாயில் ஊறும் எச்சிலை எடுக்க ஒரு சிறிய சக்‌ஷன் கருவி போதும். எச்சில் வழிந்துகொண்டே இருந்தால் அமிட்ரிப்டிலின், கிளைகோபைரோலேட் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவார். அளவு கூடினால் வாய் உலர்ந்து சளி கோந்தாக மாறிவிடும். நீர் போல வழியும் எச்சிலும் கெட்டிச் சளியும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதை மருத்துவரிடம் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கெட்டிச் சளிக்கு உப்புநீர் நெபுலைசரும், நாள் முழுக்கப் போதிய நீரும்.

சாப்பாடு

முதலில் நிறுத்த வேண்டியது அண்ணாந்து குடிப்பது. தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழல் வாய் திறந்து நிற்கிறது. நீர் நேரே அதற்குள் போகிறது. எச்சில் படக் கூடாது என்ற பழக்கம் எத்தனை தலைமுறையாக இருந்தாலும், இந்த வீட்டில் அவருக்கென்று தனி டம்ளர் வைத்து, வாய் வைத்து, தாடையை நெஞ்சுப்பக்கம் லேசாகத் தாழ்த்திக் குடிக்கட்டும். டம்ளரின் விளிம்பில் மூக்கு இடிக்காமல் இருக்க ஒரு பக்கத்தை வெட்டிய பிளாஸ்டிக் கோப்பை உதவும்.

பலரும் கெட்டியானதுதான் விக்கும் என்று நினைப்பார்கள். இந்த நோயில் தண்ணீரே முதல் எதிரி. தளர்ந்த தொண்டை மூடுவதற்குள் அது ஓடிவிடுகிறது. அடுத்த எதிரி, நீரும் பருக்கையும் கலந்தது. ரசஞ்சாதம் அதற்குச் சரியான உதாரணம்: நோயாளிக்கு இதமானது என்று எல்லா வீட்டிலும் கொடுப்பது, ஆனால் வாயில் ரசம் முன்னால் ஓட, சோறு பின்னால் தங்கும். ரசம்தான் வேண்டும் என்றால் குழைந்த சோற்றோடு மிக்ஸியில் அடித்து ஒரே பதமாக்கிக் கொடுங்கள். தயிர்சாதம் நன்றாக மசித்தது, நெய்விட்ட குழைந்த பொங்கல், கேழ்வரகுக் கூழ், மசித்த பழுத்த வாழைப்பழம் எல்லாம் நல்லவை. உதிரும் இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து மசித்துவிடுங்கள். பொரி, முறுக்கு, வேர்க்கடலை, நாரோடு கூடிய கீரை, தோலோடு கூடிய பயறு வேண்டாம்.

நீரைக் கெட்டியாக்கும் பொடி மருந்துக்கடையில் கிடைக்கும். எந்தக் கெட்டி என்பதைப் பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர் சொல்வார். அதை வீட்டில் சோதிக்க 10 மில்லி ஊசிக்குழல் போதும்: ஊசியையும் தள்ளுதண்டையும் எடுத்துவிட்டு, நுனியை விரலால் மூடி 10 மில்லி ஊற்றி, விரலை எடுத்து 10 நொடி விடுங்கள். உள்ளே 1 முதல் 4 மில்லி தங்கினால் மிக லேசான கெட்டி, 4 முதல் 8 லேசான கெட்டி, 8-க்கு மேல் நடுத்தரம், கொஞ்சமும் இறங்காவிட்டால் மிகக் கெட்டி. அரை மணி நேரம் வைத்தால் சில பொடிகள் இன்னும் இறுகும். கலந்த உடனே மட்டும் சோதித்தால் ஏமாறுவீர்கள்.

நேராக உட்கார்ந்து, சின்னக் கரண்டியில், ஒரு வாய் முழுதும் இறங்கிய பிறகே அடுத்த வாய். பேச்சுக் கொடுக்காதீர்கள். முடிந்ததும் அரை மணி நேரம் சாய விடாதீர்கள். ஒரு வேளை சாப்பாடு முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுத்தால், அவர் களைத்துப்போய்ப் பாதியில் நிறுத்துகிறார் என்று அர்த்தம்.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். நிற்க முடியாதவரைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துவிடலாம். நோய்க்கு முந்தைய எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதுவே ஆயுளைக் குறைக்கும். கிலோவுக்கு 30 முதல் 35 கலோரி என்பது கணக்கு; 55 கிலோ உள்ளவருக்கு 1,650-இலிருந்து 1,925. நீர்த்த கஞ்சி ஒரு டம்ளரில் நூறு கலோரிகூடத் தேறாது. அதே கஞ்சியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்த்தால் தொண்ணூறு கலோரி கூடும். பால்பவுடர், வறுத்து நைசாக அரைத்த நிலக்கடலை மாவு, முட்டை இவற்றையும் சேருங்கள். இந்த நோயில் கொழுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். சர்க்கரை நோயும் சேர்ந்து இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயிற்றுக் குழாய்

எடை குறைகிறது, சாப்பாடு இழுக்கிறது, புரையேறுகிறது என்ற மூன்றில் ஒன்று வந்தாலே, வயிற்றில் சிறு துளையிட்டு இரைப்பைக்குள் வைக்கும் பெக் குழாய் பற்றிப் பேசும் காலம். நுரையீரல் கொள்ளளவு 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதே பொருத்துவது பாதுகாப்பு. பொருத்திவிட்டால் வாயால் சாப்பிடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீரும் மாத்திரையும் குழாய் வழியே, ருசிக்கு வாய் வழியே என்று நெடுநாள் ஓட்டலாம். மூக்கு வழியே போடும் ரைல்ஸ் குழாய் சில வாரங்களுக்கு மட்டும்; பைபாப் முகமூடி அதன் மேல் சரியாக உட்காராது.

தலையை 30 முதல் 45 பாகை உயர்த்தி, ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, அரை மணி நேரத்தில் மெல்ல இறங்கும்படி கொடுங்கள். முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான நீர். பிறகு ஒரு மணி நேரம் அதே நிலை. வீட்டுச் சாப்பாட்டை அரைத்துக் கொடுப்பதானால் மெல்லிய சல்லடையில் வடிகட்டுங்கள். மிளகாய் விதையும் கீரை நாரும்தான் குழாயை அடைப்பவை. மாத்திரைகளைத் தனித்தனியாகப் பொடித்து, ஒவ்வொன்றுக்கும் இடையே நீர் விடுங்கள். குழாய் தவறிக் கழன்றுவிட்டால் சில மணி நேரத்தில் துளை சுருங்கிவிடும். "காலையில் பார்க்கலாம்" என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பேச்சு

குரல் மாறத் தொடங்கியதுமே போனில் பதிவு செய்யுங்கள். பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுவது, "சாப்பிட்டியா", "லைட்ட அணைங்க", அவருக்கே உரிய கிண்டல், வசவு எல்லாம். ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பாக இருந்தால் பிறகு பொத்தானை அமுக்கிப் பேசவைக்கலாம்.

கை நன்றாக இருந்தால் போனில் எழுதிப் படிக்கவைக்கலாம். கண்ணசைவில் இயங்கும் கணினிகளும் உண்டு. ஆனால் மின்சாரமே வேண்டாத எழுத்துப் பலகை ஒன்று எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும். 247 எழுத்தையும் அச்சடித்து மாட்டினால் யாராலும் பயன்படுத்த முடியாது. இலக்கணமே வரிசை பிரித்துத் தந்திருக்கிறது. அதை இன்னும் சுருக்கினால் இப்படி வரும்:

முதல் வரிசை, உயிர்: அ, இ, உ, எ, ஐ, ஒ
இரண்டாம் வரிசை, வல்லினம்: க, ச, ட, த, ப
மூன்றாம் வரிசை, மெல்லினம்: ஞ, ந, ம
நாலாம் வரிசை, இடையினம்: ய, ர, ல, வ
ஐந்தாம் வரிசை, அவசரம்: மூச்சு, சளி, வலி, திருப்பு, அரிப்பு, கொசு, பாத்ரூம்

ந, ண, ன மூன்றுக்கும் ஒரே இடம்; ர, ற ஒன்று; ல, ள, ழ ஒன்று; குறிலும் நெடிலும் ஒன்று. எழுத்துப்பிழை பற்றிக் கவலை வேண்டாம். "ஒன்று, இரண்டு, மூன்று…" என்று வரிசை எண்ணைச் சொல்லிக்கொண்டே போங்கள். அவர் சைகை செய்யும் வரிசையில் நின்று எழுத்துகளைச் சொல்லுங்கள். மெய் வரிசையானால் எழுத்தைப் பிடித்ததும் உயிர் வரிசையை ஒருமுறை ஓட்டுங்கள். சைகை வராவிட்டால் 'அ' அல்லது புள்ளி என்று எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது எழுத்திலேயே சொல் புரிந்துவிடும். அப்போது ஊகத்தைச் சொல்லிச் சரிபாருங்கள். அவர் ஒப்புக்கொள்ளும்வரை முடிவுசெய்யாதீர்கள்.

ஆம், இல்லை என்பதற்குத் தலையாட்டலை நம்ப வேண்டாம். நம் ஊர்த் தலையாட்டலே இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும், கழுத்தும் தளர்ந்தால் கேட்கவே வேண்டாம். கண்ணை மேலே தூக்கினால் ஆம், இறுக மூடித் திறந்தால் இல்லை என்று எல்லோரும் ஒரே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். இரவில் கூப்பிட, வயரில்லாக் காலிங் பெல்லின் பொத்தானை எந்த விரலோ, பாதமோ, கன்னமோ அசைகிறதோ அங்கே ஒட்டிவையுங்கள். அசையும் இடம் மாறும். மாதம் ஒருமுறை சரிபாருங்கள்.

உடம்பும் வீடும்

உடற்பயிற்சியால் செத்த நரம்பு திரும்பாது. ஆனால் மூட்டுகள் இறுகாமல் இருக்க, தோள், முழங்கை, விரல்கள், இடுப்பு, கணுக்கால் எல்லாவற்றையும் தினம் ஒருமுறை முழு அளவுக்கு மெல்ல அசைத்துவிட வேண்டும். செய்த களைப்பு மறுநாளும் இருந்தால் அளவு அதிகம். தூக்கும்போது கையைப் பிடித்தோ அக்குளில் கைவிட்டோ இழுக்காதீர்கள். பிடிமானமில்லாத தோள் நழுவிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் போகாது. இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடித்துத் தூக்குங்கள். பாதம் தொங்கினால் தடுக்கி விழுவதற்கு முன்பே ஏ.எஃப்.ஓ. எனப்படும் கணுக்கால் தாங்கி போட்டுவிடுங்கள்.

சக்கர நாற்காலி வாங்கும் முன் கழிவறைக் கதவை அளந்துபாருங்கள். சாதாரண நாற்காலி வெளி அகலம் 24 அங்குலத்துக்கு மேல் இருக்கும். நம் வீட்டுக் கழிவறைக் கதவுகள் பல அதற்கு இடம் கொடுக்காது. கழுத்து தளர்ந்தவருக்குச் சாயும் முதுகும் தலைத்தாங்கியும் உள்ள நாற்காலிதான் வேண்டும். வாசற்படிக்குச் சாய்தளம் என்றால் ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி. இந்தியக் கழிவறையின் மேல், நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலியைப் போட்டுவிடலாம்.

மனம்

சிலருக்குக் காரணமில்லாமல் அழுகையோ சிரிப்போ பீறிடும். துக்க வீட்டில் சிரிப்பு வந்துவிடும். அது மூளையின் கட்டுப்பாட்டு இழை அறுவதால் வருவது, மனதில் இருப்பதல்ல. உறவினர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிச் சங்கடம் தீரும், மருந்தும் உண்டு. வேறு சிலருக்கு முடிவெடுப்பதிலும் பிறரைப் புரிந்துகொள்வதிலும் மாற்றம் வரும், பிடிவாதம் கூடும். அதுவும் நோயின் பகுதியாக இருக்கலாம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கவனிப்பவர் ஒரே ஆளாக இருந்தால் ஓராண்டுக்குள் அவரும் படுத்துவிடுவார். பெரும்பாலும் அது மனைவியோ மருமகளோதான். வாரத்தில் இரண்டு இரவாவது வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும். பார்க்க வரும் உறவினர்களிடம் பழம் வேண்டாம், ஓர் இரவு தாருங்கள் என்று கேட்பதில் தவறில்லை.

காகிதங்கள், முடிவுகள்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால் சான்றிதழும் யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் பெறலாம். நோயாளி பயணம் செய்யும் நிலையில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். பராமரிப்பு உதவித்தொகை, சக்கர நாற்காலி பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபியும் வலிநிவாரணச் சேவையும் வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குவது, உயில், கையெழுத்து தேவைப்படும் எல்லாம் கை எழுதும்போதே முடியட்டும்.

தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டர் வைக்க வேண்டுமா என்பதுதான் பெரிய கேள்வி. வைத்தால் ஆண்டுகள் கூடலாம். ஆனால் நோய் நிற்காது. இருபத்திநாலு மணி நேரமும் பயிற்சி பெற்ற ஆள், தடையில்லா மின்சாரம், சக்‌ஷன் எல்லாம் வேண்டும். பதில் நோயாளியுடையது, அவரிடம் நோயை மறைத்துவைத்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. அவர் வேண்டாம் என்றால் அதை எழுதிவைக்கச் சட்டம் இடம் தருகிறது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அனுமதித்து, 2023-இல் நடைமுறையை எளிதாக்கிய முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். கடைசிக் கட்ட மூச்சுத் தவிப்புக்குச் சிறு அளவு மார்ஃபின் நல்ல மருந்து. அதைத் தரும் வலிநிவாரணப் பிரிவோடு முன்பே பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டில் தலைமாட்டில் ஒரு தாள் ஒட்டுங்கள். 108-இல் வருபவருக்கும் அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவருக்கும் இந்த நோய் பழகியிருக்காது. அதில் இருக்க வேண்டியவை: நோயின் பெயர்; "பைபாப் இல்லாமல் ஆக்சிஜன் கொடுக்க வேண்டாம்"; "மல்லாந்து படுக்கவைக்க வேண்டாம்"; "பேச முடியாது, எல்லாம் புரியும்; கண் மேலே போனால் ஆம்"; பைபாப் அழுத்த அளவுகள்; குழாயின் அளவு; மருந்துகள்; வென்டிலேட்டர் பற்றிய அவரது முடிவு; நரம்பியல் மருத்துவரின் எண். மருத்துவமனைக்குப் போகும்போது பைபாப்பையும் எழுத்துப் பலகையையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். அங்கே இரண்டும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.